பச்சை மரம் பலகையாகும் காலம்: உள்ளூர் மரத்தை நம்பி ஒரு சிறு பட்டறை எப்படி வளரும்?

2025-ல் மரத்தொழிலைத் தொட்ட இரண்டு செய்திகள் வந்தன. ஜூன் மாதத்தில், விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. செப்டம்பர் 22 முதல் மரப் பொருட்கள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. ‘இனி விவசாயி தன் மரத்தைத் தடையில்லாமல் வெட்டி விற்கலாம்’ என்று முதல் செய்தி பரவியது. ‘மரச்சாமானுக்கு வரி குறைந்துவிட்டது’ என்று இரண்டாவது பரவியது. இரண்டுமே பாதி உண்மை.

இதை ஒட்டி சிறு பட்டறைக்காரர்களிடம் எழும் கேள்வி இது: தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்கத் தேக்கையும் ஒட்டுப்பலகையையும் விட்டுவிட்டு, ஊரில் நிற்கும் வேம்பு, வாகை, பூவரசு, பலா ஆகியவற்றை வைத்தே தொழிலைப் பெரிதாக்க முடியுமா?

முடியும். தடை மட்டும் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. மரம் கிடைக்கிறது. இயந்திரம் தவணையில் கிடைக்கிறது. மரத்தை அறுத்த நாளுக்கும் அதில் உளி வைக்கும் நாளுக்கும் இடையே கிடக்கும் மாதங்களும், அந்த மாதங்களில் முடங்கும் பணமும்தான் தடை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## வன்மரம், வைரம், வெள்ளை

‘வன்மரம்’ என்ற சொல் கடினத்தைக் குறிப்பதாகத் தோன்றும். தாவரவியலில் அதன் பொருள் வேறு. பூத்துக் காய்த்து, விதையைக் கனிக்குள் வைக்கும் மரங்கள் எல்லாம் வன்மரங்கள். பைன், தேவதாரு போன்ற கூம்பு தாங்கும் மரங்கள் மென்மரங்கள். இந்தக் கணக்கில் நகம் பட்டாலே பதியும் இலவம்கூட வன்மரம்தான். ஊசியிலை போலத் தோன்றும் சவுக்கும் பூக்கும் தாவரம் என்பதால் வன்மரமே. தமிழ்நாட்டுச் சமவெளியில் அறுவைக்கு வரும் மரம் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. ஆகவே ‘வன்மரத்தில் செய்தது’ என்று விளம்பரம் கண்டால், அது மரத்தின் உறுதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று கொள்ளலாம்.

தச்சர்கள் கவனிக்கும் பிரிவு வேறு: வைரமும் வெள்ளையும். மரத்தின் நடுப்பகுதியில் பழைய திசுக்கள் உயிரிழந்து, நிறமும் காப்புப் பொருட்களும் ஏறிக் கெட்டிப்படும். அது வைரம். பட்டையை ஒட்டி நீரைக் கடத்திக்கொண்டிருக்கும் வெளிறிய வளையம் வெள்ளை. வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும். உளுவண்டுக்கு அதுதான் சோறு. தேக்கு கரையான் அரிக்காது என்ற பேச்சு தேக்கின் வைரத்துக்கு மட்டுமே பொருந்தும். பண்ணையில் பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டிய மெல்லிய தேக்கில் வெள்ளை கணிசமாக இருக்கும். அதை வாங்கிச் செய்த கட்டிலை வண்டு துளைத்தால் குற்றம் தேக்கினுடையது அல்ல.

## செய்தி சொன்னதும் சொல்லாததும்

‘உள்ளூர் மரம்’ என்பது ஒரே மூலத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு மூலத்துக்கும் காகிதம் வேறு.

1. பட்டா நிலத்து மரம். ஜூன் 2025 விதிகள் ‘மாதிரி’ விதிகள். மாநிலம் ஏற்று அறிவித்தால்தான் அந்த மாநிலத்தில் நடைமுறைக்கு வரும். நிலத்தையும் மரங்களையும் ஓர் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பத்து மரம் வரை வெட்டுவோருக்குப் படங்களைப் பதிவேற்றும் எளிய வழி, அதற்கு மேல் நேரடிச் சரிபார்ப்பு என்பது அவற்றின் கட்டமைப்பு. வனவிலங்குச் சட்டத்தையோ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தையோ இவை தள்ளிவைக்கவில்லை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ம் ஆண்டுச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்கிறது.

2. புறம்போக்கு, சாலையோர மரம். இது அரசின் சொத்து, ஏலத்தில்தான் வரும். தமிழ்நாட்டில் அரசு நிலத்து மரத்தை வெட்டுவதை மாவட்டப் பசுமைக் குழு பரிசீலிக்கிறது. யாராவது ‘2சி பட்டா இருக்கிறது’ என்று சொல்லிப் புளியமரத்தை விற்க வந்தால் நின்று யோசியுங்கள். அந்தப் பட்டா மரத்தின் பலனை அனுபவிப்பதற்கானது.

3. புயலில் விழுந்தவை. 2011 டிசம்பரில் தானே பண்ருட்டிப் பலாவைச் சாய்த்தது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையின் சாலை மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டாவைப் புரட்டிப்போட்டது. இப்படிப்பட்ட வாரங்களில் மரம் விறகு விலைக்கு வரும். மில்லில் வரிசை நிற்கும். மண்ணில் கிடக்கும் மரத்தில் சில வாரங்களில் பூஞ்சையால் நீலம் பாய்ந்து வண்டு விழுந்துவிடும். நகரத்து மரத்தில் இன்னொரு தொல்லை உண்டு: ஆண்டுக்கணக்கில் அடித்த ஆணியும் கம்பியும் உள்ளே புதைந்திருக்கும். ரம்பம் உடைந்தால் அந்தச் செலவு மரம் கொண்டுவந்தவர் தலையில்.

4. தனிக் காவல் உள்ள இனங்கள். சந்தனம் பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் விற்பனை வனத்துறை வழியேதான். ஈட்டி, சிசு இரண்டும் உட்பட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. சிசு மரக் கைவினைப் பொருட்களுக்கு 2022 பனாமா மாநாட்டில் தளர்வு கிடைத்தது: ஒவ்வொரு பொருளிலும் உள்ள மரம் 10 கிலோவுக்குக் குறைவானால் சைட்டீஸ் அனுமதி இல்லாமலே ஏற்றுமதி செய்யலாம்.

மரத்தை லாரியில் ஏற்றும்போது 1968-ம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் வருகின்றன. சில இனங்களுக்கு விலக்கு உண்டு; தேக்குக்குப் பர்மிட் வேண்டும். மாநில எல்லை தாண்டும் மரத்துக்கு 2023 டிசம்பரில் தொடங்கிய தேசிய பர்மிட் முறை இணையவழியில் ஒரே சீட்டைத் தருகிறது. எந்த இனம் எந்தப் பட்டியலில் என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பதே முறை. வழியில் மடக்கப்பட்ட பிறகு கேட்டால் அதே பதில் விலை கூடி வரும்.

பட்டறை வளரும்போது வரும் பெரிய சட்டக் கேள்வி ‘சொந்தமாக மில் போடலாமா’ என்பது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலிருந்து மர அறுவை மில்கள் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலின்படி, பேண்ட் சா எனப்படும் பட்டை ரம்பம் இல்லாமல், 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வட்ட ரம்பமும் இல்லாமல், ஏற்கெனவே அறுத்த மரத்தை வைத்து வேலை செய்யும் பட்டறைக்கு மில் உரிமம் தேவையில்லை. இந்தக் கோட்டைத் தாண்டினால் நீங்கள் தச்சுப் பட்டறை அல்ல, மர அடிப்படைத் தொழிற்சாலை. கூலிக்கு அறுத்துத் தர மில்கள் இருக்கும்போது, மாதம் சில டன் மரம்கூட வாங்காத பட்டறை இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வது வீண்.

## 500 ரூபாய் மரம் 2,200 ரூபாய் ஆவது எப்படி

மரவாடியில் உருட்டு மரத்தை அளக்கும் முறை நேர்க் கணித முறை அல்ல. நடுவில் நூல் சுற்றிச் சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவு, 8 அடி நீளம் என்றால் 1 × 1 × 8 = 8 கன அடி.

உண்மையில் அந்த உருளையின் கன அளவு ஏறத்தாழ 10.2 கன அடி. நாலில் ஒன்று கணக்கு எப்போதும் உண்மை அளவில் 78.5 விழுக்காட்டைத்தான் காட்டும். வாங்குபவருக்கு ஐந்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும். அப்படியில்லை. உருண்டையைச் சதுரமாக்கும்போது கழியும் புறப்பலகைக்கான ஈடு அது. அந்த ஈடு போதவும் போதாது.

விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால், கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம்.

1. மரம்: 8 கன அடி, அடிக்கு 500 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். ஏற்றுக்கூலியும் வண்டியும் 1,000. அறுவைக்கூலி 800. மொத்தம் 5,800 ரூபாய்.
2. அறுவைக்குப் பிறகு: உண்மை அளவில் பாதி பலகையாகும் என்று கொண்டால் 5.1 கன அடி. இப்போது அடக்கவிலை அடிக்குச் சுமார் 1,140 ரூபாய்.
3. காய்ந்த பிறகு: முனை வெடிப்பு, முறுக்கல், சுருக்கம் போக 4.4 கன அடி. அடக்கவிலை சுமார் 1,320.
4. இழைத்து, வெள்ளை நீக்கி, கணு ஒதுக்கி, அளவுக்கு வெட்டிய பிறகு அதில் 60 விழுக்காடு சாமானில் நிற்கிறது என்றால் 2.64 கன அடி. அடக்கவிலை ஏறத்தாழ 2,200 ரூபாய்.

விலைப்பட்டியல் போடும்போது பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். ‘அடி 500-க்கு வாங்கினேன், ஆயிரம் போட்டால் இரட்டிப்பு லாபம்’ என்று கணக்குப் போட்ட பட்டறை, ஆர்டர் கூடக்கூட வேகமாக நட்டப்படும். உள்ளூர் மரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வளைந்த, கிளை விட்ட, கணு நிறைந்த மரத்தில் பாதி தேறுவதே அரிது. நேராக நின்ற இறக்குமதித் தேக்கு விலை அதிகம் என்றாலும் கழிவு குறைவு. ஆகவே ஒப்பிட வேண்டியது உருட்டு மர விலையை அல்ல, நாலாவது வரியை.

இந்தக் கணக்கிலேயே ஒரு வழியும் இருக்கிறது. நாலாவது படியில் கழியும் 40 விழுக்காடு எல்லாமே தூசி அல்ல. ஒரு சாணும் ஒரு முழமுமாக நல்ல வைரத்துண்டுகள் அதில் கிடக்கும். மத்து, கரண்டி, சப்பாத்திக் கட்டை, அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி என்று துண்டுக்கேற்ற பொருளை முன்கூட்டியே திட்டமிட்டால், அந்த 60 விழுக்காடு 75 ஆகலாம். அப்படியானால் 2,200 என்பது சுமார் 1,760 ஆக இறங்கும். பெரிய சாமானின் விலையைத் தாங்குவதே இந்தச் சின்னப் பொருட்கள்தான்.

## ஈரம்: எல்லாச் சண்டைக்கும் மூலம்

மரத்தின் ஈரப்பதத்தை, அதில் உள்ள நீரின் எடையை முற்றிலும் காய்ந்த மரத்தின் எடையால் வகுத்துச் சொல்வார்கள். 150 கிராம் துண்டு அடுப்பில் காய்ந்து 100 கிராமானால் ஈரம் 50 விழுக்காடு. பச்சை மரத்தில் இது 100-ஐத் தாண்டுவதும் உண்டு.

நீர் இரண்டு வகையாக இருக்கிறது. செல்களின் குழிவில் தேங்கிய நீர் முதலில் வெளியேறும். அப்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரம் 28–30 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகு, செல் சுவருக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கமும் முறுக்கலும் வெடிப்பும் இங்கிருந்துதான். வாங்கி ஒரு மாதம் ஆகியும் பலகை அசையாமல் இருந்தது என்பதால் அது காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. அது இன்னும் தன் வேலையைக் காட்டத் தொடங்கவில்லை என்பதே பொருள்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாக்கில் கவனிக்கத் தேவையில்லாத அளவு. மையத்திலிருந்து பட்டை நோக்கி ஒரு பங்கு என்றால், வளையத்தைச் சுற்றிய திசையில் ஏறக்குறைய இரண்டு பங்கு. தேக்கில் இவை 2.5, 5.8 விழுக்காடு. பலகை வட்டில் போல் குழிவதும் உருட்டு மரம் மையம் நோக்கிப் பிளப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

மரம் எவ்வளவு காய்ந்தாலும் பூஜ்ஜியத்துக்கு வந்து நிற்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து நிற்கும். சென்னைக் கடற்காற்றில் அது 13–14 விழுக்காட்டளவில் இருக்கும். அதே பலகை நாள் முழுதும் ஏசி ஓடும் அறைக்குப் போனால் 9-ஐ நோக்கி இறங்கும். 600 மில்லிமீட்டர் அகலத் தேக்கு மேஜைப் பலகையில் இந்த ஐந்து விழுக்காடு இறக்கம் சுமார் 6 மில்லிமீட்டர் சுருக்கம். பலகையை நாலு பக்கமும் பசையும் திருகும் போட்டு இறுக்கியிருந்தால், அந்த 6 மில்லிமீட்டர் வெடிப்பாக வந்து நிற்கும். அசைவதில் தேக்கு நல்ல பிள்ளை; வாகையும் மாவும் அவ்வளவு அடக்கமானவை அல்ல.

பழைய கதவுகளில் சட்டத்தில் காடி வெட்டி, பலகையைப் பசை போடாமல் அதற்குள் நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். அலங்காரத்துக்காகச் செய்ததல்ல அது. பலகை தன்பாட்டுக்கு மூச்சு வாங்க விட்ட இடம். ஒட்டுப்பலகை பழகிய கை இந்த இடத்தை விட மறந்துவிடுகிறது. திட மரத்துக்கு மாறும் பட்டறையில் முதல் புகார்கள் பெரும்பாலும் இங்கிருந்தே வரும்.

காயவைக்கும் முறையில் ரகசியம் ஏதுமில்லை, ஒழுங்குதான் வேண்டும்.

1. மரம் விழுந்த சில நாட்களிலேயே முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூச வேண்டும். நீளவாக்கில் நீர் வேகமாக ஓடுவதால் முனைதான் முதலில் வெடிக்கும்.
2. வெள்ளை அதிகமுள்ள மா, வாகை போன்றவற்றை அறுத்த உடனே, பச்சையாக இருக்கும்போதே, போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். ஈரத்தின் வழியேதான் மருந்து உள்ளே பரவும். காய்ந்த பிறகு தடவினால் மேலோடு நிற்கும். குளத்தில் மரத்தை மாதக்கணக்கில் அமிழ்த்தி வைத்த பழைய வழக்கமும் மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றும் அதே வேலையைத்தான் செய்தது. தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்ற நம்பிக்கையை மட்டும் நம்பி மருந்தைத் தவிர்க்க வேண்டாம்.
3. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மட்டமான தாங்கிகள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே முக்கால் அங்குலக் காய்ந்த குச்சிகள், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில். குச்சி விலகினால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே காயும்.
4. நிழல், கூரை, மேலே பாரம். கத்திரி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்பது உண்மை. சீக்கிரம் வெடிக்கும் என்பதும் உண்மை. ஆடிக்காற்று அடிக்கும் பக்கத்தில் சாக்கு கட்டிக் காற்றைத் தணிக்க வேண்டும்.

நம் தட்பவெப்பத்தில் ஓர் அங்குலப் பலகை, மிதமான அடர்த்தியுள்ள மரமென்றால், இரண்டு முதல் நான்கு மாதத்தில் வேலைப்பதத்துக்கு வரும். இரண்டு அங்குலச் சட்டத்துக்கு இரு மடங்கு போதாது; மூன்று, நான்கு மடங்குகூட ஆகலாம். ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் இல்லாமல் ‘தட்டிப் பார்த்தாலே தெரியும்’ என்று சொல்லும் கைகள் உண்டு. அந்தக் கை விடுப்பில் போகும் நாளில் பட்டறைக்கு என்ன அளவுகோல்?

## வளர்ச்சி என்றால் அடுக்கு வளர்வது

மாதம் 20 கன அடி காய்ந்த பலகை செலவாகும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். காய நான்கு மாதம் என்றால், எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் 80 கன அடி அடுக்கில் இருக்க வேண்டும். முந்தைய கணக்கின்படி அடிக்கு 1,140 ரூபாய் என்றால் 90,000 ரூபாய்க்கு மேல் குச்சிகளுக்கு நடுவே படுத்திருக்கிறது.

இடம் பெரிய தடையல்ல. 80 கன அடி என்பது ஓர் அங்குலப் பலகையாக 960 சதுர அடி. எட்டுக்கு நாலடி அடுக்கில் வைத்தால் ஐந்தடி உயரம்தான் வரும். ஒரு மாட்டுக்கொட்டகை போதும்.

காலம்தான் தடை. இந்தப் பட்டறை உற்பத்தியை இரட்டிப்பாக்க முடிவெடுத்தால், இன்னொரு 80 கன அடியை நான்கு மாதம் முன்பே வாங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதாவது கூடுதல் சாமான் ஒன்றுகூட விற்பதற்கு முன்பே இன்னொரு 90,000 ரூபாய் உள்ளே போக வேண்டும். கடன் வாங்கியிருந்தால் தவணை அடுத்த மாதமே வரும். மரம் நாலு மாதம் கழித்துத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்தல் ஏறக்குறைய நின்றே போகும் என்பதால் புரட்டாசியில் அறுத்த பலகைக்கு ஆறு மாதம்கூட ஆகலாம்.

இந்த இடைவெளியில்தான் பட்டறைகள் தடுமாறுகின்றன. கையிலிருக்கும் பணத்தைப் புதிய இயந்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆர்டர் வருகிறது. காய்ந்த பலகை இல்லை. அரைப்பச்சை மரத்தில் வேலை நடக்கிறது. ஆறு மாதத்தில் கதவு மூடாமல் நிற்கிறது. இழந்த பெயரை எந்தப் பிளேனரும் இழைத்துச் சரிசெய்யாது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவை 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் தருகின்றன. அப்படிக் கடன் கிடைத்தால், விதி இடம்தரும் அளவுக்கு அதில் பெரும்பங்கை மரத்துக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை.

உலர்த்தும் அறை கட்டினால் தீராதா? சூரிய வெப்பத்தில் இயங்கும் சிறு அறைகள் நம் வெயிலுக்குப் பொருந்தும். நான்கு மாதத்தை ஒன்றரை மாதமாக்கினால் அடுக்கில் 30 கன அடி போதும். 57,000 ரூபாய் விடுபடும். கேட்க நன்றாக இருக்கிறது. 12 விழுக்காடு வட்டியில் அதன் ஆண்டு மிச்சம் 7,000 ரூபாய்கூட இல்லை. வட்டியை மட்டும் பார்த்தால் அறை தன் செலவை மீட்க ஆண்டுகள் ஆகும். ஏசி வீடுகளுக்கும் வெளிமாநிலத்துக்கும் அனுப்பும் பட்டறைக்கு மட்டும் கதை வேறு. கடலோர ஊர்களில் திறந்தவெளியில் எவ்வளவு நாள் கிடந்தாலும் பலகை 10 விழுக்காட்டுக்கு இறங்காது. அங்கே அறை தேவையாகிறது. அதுவரை, கூலிக்குச் சீசனிங் (மரம் உலர்த்தல்) செய்து தரும் இடத்தில் கடைசிக் கட்டத்தை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.

## எந்த மரத்துக்கு எந்த வேலை

உள்ளூர் மரத்தில் ‘எல்லா இனமும் செய்வோம்’ என்பது வளர்ச்சிக்கு எதிரி. ஒவ்வொரு இனத்துக்கும் தனி அடுக்கு, தனிக் காலம். இரண்டு மூன்று இனங்களில் கையைப் பழக்குவது நல்லது.

தஞ்சாவூர் வீணை இதற்கு நல்ல சான்று. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணைக்குப் பலா மரம். பண்ருட்டிப் பலாவுக்கு அதில் தனி மதிப்பு. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பிகள் வாகை, மா, வேம்பு போன்ற அக்கம்பக்கத்து மரங்களில் கைதேர்ந்தவர்கள். 2020-ல் அவர்களுக்கும் குறியீடு கிடைத்தது. இரண்டிலும் ஊரில் விளையும் மரத்துக்கேற்ற பொருள் உருவாகியிருக்கிறது.

கவனிக்காமல் விடப்படும் மரம் தூங்குமூஞ்சி. அகலமான, லேசான, அழகிய ரேகையுள்ள பலகை தரும். இந்தோனேசியர்கள் இதே மரத்தைச் ‘சுவார்’ என்ற பெயரில், ஓரம் வெட்டாத முழுப் பலகை மேஜையாக உலகெங்கும் விற்கிறார்கள். நம் சாலையோரத்தில் விழுந்தால் அது பெரும்பாலும் விறகு.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்தால்: வேம்பு நிலை, கதவுக்கு ஆகும், பூச்சித் தொல்லை குறைவு. பூவரசின் சாக்லெட் நிற வைரம் சிறு சாமானுக்கும் கடைசலுக்கும் அருமை. புளியின் வைரம் ரம்பத்தை மழுக்கும். கசாப்புக் கட்டைக்கு அதற்கு ஈடில்லை. வாகைத் தூசி தும்மலை வரவழைக்கும், முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. சீமைக்கருவேலம் கரிமூட்டத்துக்கே போகிறது. நீளம் தேறாது என்றாலும் கைப்பிடி, சிறு பெட்டி அளவுக்கு அதன் கெட்டியான வைரம் போதும். அழிக்க வேண்டிய மரம் என்று அரசே சொல்வதால் மூலப்பொருள் குறித்த குற்றவுணர்வும் இல்லை.

## வரி எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை

மரக் கட்டில், மேஜை, நாற்காலிக்கு 18 விழுக்காடு அப்படியே தொடர்கிறது. மூங்கில், பிரம்பில் முழுதாகச் செய்த சாமானுக்கு 12 ஐந்தானது. மரத்தாலான சமையலறை, உணவுமேஜைப் பொருட்களுக்கும் சிற்ப வேலைப்பாடுகளுக்கும் 12 ஐந்தானது. உருட்டு மரமும் அறுத்த பலகையும் 18-லேயே இருக்கின்றன.

பதிவு செய்த பட்டறை மில்லில் 18 கட்டி வாங்கி, கரண்டியை 5-ல் விற்றால், மரத்துக்குக் கட்டிய உள்ளீட்டு வரி கழிக்க வழியில்லாமல் தேங்கும். அதைத் திரும்பக் கேட்கலாம். இயந்திரத்துக்குக் கட்டிய வரி அந்தக் கணக்கில் சேராது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் 1 விழுக்காடு தொகுப்பு வரி முறை உண்டு. அதில் சேர்ந்தால் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழிக்கவோ திரும்பப் பெறவோ முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. பெங்களூரு வாடிக்கையாளரை எதிர்பார்க்கும் பட்டறை இதைப் பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

## அடுத்த பொங்கலுக்குப் பலகை வேண்டுமானால்

மேலே சொன்னதை ஒரு நாட்காட்டியில் வைத்தால் இப்படி வரும்.

1. தை, மாசியில் மரம் தேடிக் காகிதம் சரிபார்த்து வாங்குவது. மழை ஓய்ந்து வண்டி நிலத்துக்குள் போகும் பருவம்.
2. மாசி முடிவதற்குள் அறுவையும் போராக்ஸ் ஊறலும். இரண்டு அங்குலச் சட்டங்களை முதலில் அறுப்பது. அவைதான் கடைசியில் காயும்.
3. பங்குனி முதல் ஆனி வரை அடுக்கில். மாதம் ஒருமுறை மாதிரித் துண்டை எடைபோட்டு எழுதிவைப்பது.
4. ஆடியில் ஓர் அங்குலப் பலகையைப் பட்டறைக்குள் எடுத்து, இரண்டு மூன்று வாரம் அங்கேயே பழகவிட்டு வேலை தொடங்குவது. தீபாவளிக்கான சாமான் இதிலிருந்து.
5. புரட்டாசிக்குள் இரண்டு அங்குலச் சட்டமும் கூரைக்குள் வந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் வெளியே நின்றால் அது மறுபடி ஈரத்தைக் குடிக்கும். பொங்கல் ஆர்டருக்குக் கதவுச் சட்டம் இராது.

பொங்கலுக்குக் கதவு கேட்டு ஒருவர் ஆவணியில் வந்து, நம்மிடம் காய்ந்த சட்டமும் இல்லை என்றால், வாங்கிய தேதியும் ஈர அளவும் எழுதி விற்கும் மரவாடியில் காய்ந்த மரமாக வாங்கி, அந்த விலையைச் சொல்லியே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சித்திரைக்குத் தேதி கொடுக்க வேண்டும்.